கண்ணாடித் தொட்டியில் கடல்

‘இல்லமும் நலமும்’ பகுதிக்கு வரும் கடிதங்களிற் பெரும்பாலானவை குழந்தைகளின் இருமலைப் பற்றியும் பெரியோரின் முழங்காலைப் பற்றியுமே இருக்கும். சென்ற மாதம் செம்பூரிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அவருடைய மகன் மூன்றடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்து, கடலுப்புக் கலந்த நீரை நிரப்பி, கடல் மீன்களையும் பவளம் போன்ற சில உயிர்களையும் வளர்த்து வருகிறாராம். ஐந்து வயதுப் பேரன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று ஓயாமல் அதிற் கையை விடுகிறானாம். “இதனாற் குழந்தைக்குத் தீங்கு ஏதும் உண்டா? கேட்டால், கிழவிக்கு எல்லாவற்றிற்கும் அச்சம் என்கிறார்கள்” என்று அந்த அம்மையார் எழுதியிருக்கிறார்.

அம்மையாரின் அச்சத்தை நாம் நகைக்கமாட்டோம். நம் சங்கத்து இல்லம் ஒன்றில் நிகழ்ந்ததை அறிந்திராவிட்டால், ‘கையைக் கழுவச் சொல்லுங்கள்’ என்று இரண்டு வரியில் விடை எழுதி முடித்திருப்போம். அந்த நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுகிறோம். பெயரைக் கூறவில்லை; குடும்பத்தாரின் இசைவு பெற்றே எழுதுகிறோம்.

தூத்துக்குடியிற் பிறந்து, முப்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழும் அன்பர் ஒருவர். கடலைப் பார்த்து வளர்ந்தவர். அலுவலகத்திற்கும் வீட்டிற்கும் இடையே மின்சார ரயிலில் நின்றுகொண்டே ஆயுளைக் கழித்தவருக்கு, ஓய்வு பெற்ற பின்னர் வீட்டிலேயே கடலை வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை பிறந்தது. கிராபர்டு மார்க்கெட்டிற் கடை கடையாக அலைந்து தொட்டியை அமைத்தார். மீனுக்கு உணவிடுவது அவர்; தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது அவருடைய மனைவியார். நம் இல்லங்களில் வேலைப் பிரிவினை இவ்வாறே அமைவது வழக்கம்.

ஒருநாள் தொட்டிக்குள் இருந்த பாறைத் துண்டு அந்த அம்மையாரின் ஆள்காட்டி விரலைச் சிறிது கீறியது. அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. கீறலும் ஆறிவிட்டது. மூன்று வாரங்கள் சென்றபின் அதே இடத்திற் செந்நீல நிறமான கட்டியொன்று எழுந்தது. வலி அதிகமில்லை, காய்ச்சலும் இல்லை. படர்தாமரைக்குப் பூசும் களிம்பைப் பூசினார்கள். கட்டி கரையவில்லை. அடுத்த மாதம் புறங்கையில் மற்றொன்று. அதன்பின் முன்கையில் இன்னொன்று. ஏணிப்படிபோல் வரிசையாக மேலேறி வந்தன. இறுதியிற் சிறிது தசையை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த கிருமியாக இருக்கலாம் என்று அறிக்கை வந்தது.

அந்த ஒரு சொல் அவ்வீட்டில் என்ன செய்திருக்கும் என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. அம்மையாருக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வந்தன. மகளின் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். செய்தி வெளியே தெரியக்கூடாதென்று உறவினர் எவரையும் வீட்டிற்கு அழைக்கவில்லை. பேத்தியைத் தூக்க அவரே அஞ்சினார். காசநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளைத் தொடங்கினார்கள்; கட்டிகள் முற்றும் குணமாகவில்லை. இவ்வாறு எட்டு மாதங்கள் கழிந்தன. வேறொரு தோல் மருத்துவரிடம் சென்றபோது, அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதற் கேள்வி, “வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா?” என்பதே.

முன்னர்ப் பார்த்த டாக்டர்களைக் குறைகூற நாம் விரும்பவில்லை. அவர்களிடம் மீன் தொட்டியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! வீட்டிற்குள் இருப்பது நம் கண்ணுக்கு வீடாகத்தான் தோன்றும், கடலாகத் தோன்றாது.

இந்நோயை உண்டாக்கும் கிருமிக்கு ‘மைக்கோபாக்டீரியம் மரைனம்’ என்று பெயர். 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர் மீன் காட்சிச்சாலையில் இறந்துபோன கடல் மீன்களிலிருந்து இதனை முதன்முதலிற் பிரித்தெடுத்தார்கள். பின்னர் நீச்சற்குளங்களிற் குளித்தோரின் முழங்கையிலும் முழங்காலிலும் இதனைக் கண்டனர். மீன் தொட்டியிற் கை வைத்தவருக்கு இது வரக்கூடும் என்பது 1962ஆம் ஆண்டில் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. காசநோய்க் கிருமிக்கு இது உறவு என்பது உண்மையே. ஆனால் குணத்தில் வேறு. முப்பது பாகை செல்சியஸ் அளவுள்ள வெப்பத்திலேயே இது செழிப்பாக வளரும். மனித உடலின் உள்வெப்பமாகிய முப்பத்தேழு பாகை இதற்கு ஒவ்வாது. ஆதலால் உடலுக்குள் செல்லாமல், குளிர்ந்த இடமாகிய கையின் தோலோடு நின்றுவிடுகிறது. கவனியாமல் விட்டால் எலும்பு மூட்டுக்கும் தசைநாருக்கும் இறங்குவதுண்டு. இருமலாலோ தொடுதலாலோ ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது பரவுவதில்லை. அந்தத் தனித் தட்டும் தம்ளரும் வேண்டியிருக்கவில்லை!

சோதனைச்சாலையிலும் இக்கிருமி ஏமாற்றும். வழக்கம்போல் முப்பத்தேழு பாகையில் வைத்து வளர்த்தால் முளைக்காமலே போகலாம். குறைந்த வெப்பத்தில் வைக்குமாறு மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். காசநோய்க்குத் தரும் மருந்துகளுள் ஐசோனியாசிடு, பைரசினமைடு ஆகியவற்றுக்கு இது பெரும்பாலும் பணிவதில்லை. கிளாரித்ரோமைசின், எத்தம்பியூட்டால், ரிபாம்பிசின் போன்றவற்றுள் இரண்டைச் சேர்த்துப் பல மாதங்கள் கொடுக்கிறார்கள். எதை எவ்வளவு காலம் உண்பது என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். நாம் அவருக்குத் தர வேண்டியது ஒரு வாக்கியம்: ‘வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது.’ நன்னீர்த் தொட்டியாயினும் இதனைச் சொல்லியே ஆக வேண்டும். அக்கிருமி இருவகை நீரிலும் வாழும்.

நிற்க. இது மெதுவாக வரும் தீங்கு. உடனே வரும் தீங்குகள் சிலவும் உள்ளன.

கடல்நீர்த் தொட்டி வைப்போர் பலரும் விரும்பும் மீன் சிங்கமீன். செம்மையும் வெண்மையுமான வரிகளும், விசிறிபோல் விரியும் செட்டைகளுமாக அது மெல்ல நீந்திவரும் அழகைக் கண்டவர் கடையை விட்டு வெறுங்கையோடு வருவது அரிது. நம் நாட்டுக் கடல்களிலும் வாழ்வதுதான். அதன் பக்கவாட்டு விசிறியில் நஞ்சில்லை. நஞ்செல்லாம் முதுகில் நிற்கும் முட்களிலும், வயிற்றின் கீழும் வாலை ஒட்டியும் உள்ள சில முட்களிலும் இருக்கிறது. ஒவ்வொரு முள்ளிலும் நீளவாக்கிற் பள்ளம் உண்டு. அப்பள்ளத்தில் நஞ்சுத் திசு படிந்திருக்க, மேலே மெல்லிய தோல் மூடியிருக்கும். முள் கையிற் குத்தும்போது அத்தோல் பின்னுக்குத் தள்ளப்பட்டு, நஞ்சு பள்ளத்தின் வழியே புண்ணிற் புகுகிறது. அது துரத்திவந்து குத்துவதில்லை. தொட்டியின் மூலையைத் தேய்க்கும் கையை அது தன்னை நெருக்கும் பகையாக எண்ணி முதுகைத் திருப்புகிறது, அவ்வளவே. இறந்த மீனின் முள்ளிலும் நஞ்சு சில காலம் நிற்கும். ஆகவே செத்ததைக் கையால் எடுத்துக் குப்பையிற் போடுவதும் தவறு.

குத்திய கணத்திலேயே வலி தொடங்கும். கை முழுவதும் ஏறும், வீங்கும். சிலருக்கு வாந்தியும் மயக்கமும் வரும். உயிர்ச்சேதம் மிக அரிது. இதற்குச் செய்ய வேண்டிய முதலுதவி வெந்நீர். குத்துப்பட்ட கையைச் சுமார் 45 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில், பொறுக்கக்கூடிய அளவில், அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். நஞ்சு புரதத்தாலாயது, சூட்டிற் கெடும். நம் கடற்கரையில் திருக்கை முள்ளும் கெளுத்தி முள்ளும் குத்தியவர்க்கும் இதே முறையே பயன்படும். ஒரு செய்தியை மட்டும் மறவாதிருக்க வேண்டும்: நீரின் சூட்டை வேறொருவர் தம் கையை விட்டுப் பார்க்க வேண்டும். வலியாலும் மரத்துப்போனதாலும் குத்துப்பட்டவருக்குச் சூடு தெரியாது. நஞ்சுக்கு வைத்தியம் செய்யப்போய்க் கையை வேகவைத்துக்கொண்டவர்கள் உண்டு. அதன்பின் மருத்துவமனைக்குச் சென்று, முள் உடைந்து உள்ளே நிற்கிறதா என்று பார்த்து, ரணஜன்னி ஊசியும் போட்டுக்கொள்வது நலம். கல்மீன் என்று ஒன்று உண்டு. கல்லைப் போலவே கிடக்கும். அதன் நஞ்சு மிகக் கொடியது. அதனை வீட்டில் வளர்க்கத் துணிபவர்க்கு நாம் கூறத்தக்க அறிவுரை ஏதும் இல்லை.

இனி, வெந்நீரைப் பற்றியே மற்றொரு செய்தி. இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியதும் இதுவே. ஆகையாற் சிறிது பொறுமையோடு படிக்குமாறு வேண்டுகிறோம்.

கடைகளில் ‘ஜோவா’ என்றும் ‘பட்டன் பாலிப்’ என்றும் பெயர் சொல்லி விற்கும் உயிர் ஒன்று உண்டு. சட்டைப் பொத்தான் அளவில், பச்சையும் ஆரஞ்சும் நீலமுமாகப் பூப்போல் விரிந்து, பாறைத் துண்டின்மேல் கூட்டமாக ஒட்டியிருக்கும். பலர் அதனைச் செடி என்றே கருதுகின்றனர். அது விலங்கு, பவளத்திற்கும் கடற்சாமந்திக்கும் உறவு. அதன் சில வகைகளில், சிறப்பாகப் பாலிதோவா என்னும் இனத்தில், ‘பாலிடாக்சின்’ என்னும் நஞ்சு இருக்கிறது. ஹவாய்த் தீவுகளிற் பண்டை மக்கள் குறிப்பிட்ட ஒரு கடற்குட்டையில் வளரும் ‘பாசி’யைத் தம் ஈட்டிமுனையிற் பூசினார்கள் என்று ஒரு கதை வழங்கிவந்தது. அந்தப் பாசி உண்மையில் இவ்வுயிரே என்று கண்டு, அதிலிருந்து பிரித்த நஞ்சைப் பற்றி 1971ஆம் ஆண்டில் அறிவியலார் வெளியிட்டனர். உயிரினங்களிலிருந்து கிடைக்கும் நஞ்சுகளுள் மிகக் கொடிய சிலவற்றுள் இது ஒன்று. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு சிறு இறைப்பியை வைத்திருக்கிறது. பாலிடாக்சின் அந்த இறைப்பியைப் பற்றிக்கொண்டு, அதனைத் திறந்தே கிடக்கும் மதகாக மாற்றிவிடுகிறது. தசையும் இதயமும் அதனால் நிலைகுலைகின்றன. மாற்று மருந்து இல்லை.

சிங்கமீனின் நஞ்சு சூட்டிற் கெடும் என்றோம். இது கெடாது. இங்குதான் நம் குடும்பங்களுக்கு அபாயம். தலைமுறை தலைமுறையாக நாம் கற்றுவந்த துப்புரவு முறை யாது? கொதிக்க வைத்தல். குடிநீரா, கொதிக்க வை. குழந்தையின் பால் பாட்டிலா, கொதிக்க வை. துணியிற் கறையா, வெந்நீரில் ஊறவை. வேண்டாத பொத்தான்கள் பரவிய பாறையைத் தூய்மை செய்ய எண்ணும் ஒருவர், அதனை அகலமான பாத்திரத்தில் இட்டு அடுப்பில் ஏற்றுவது எவ்வளவு இயல்பு! ஏற்றினால், நீராவியோடு நுண்துளிகளாக நஞ்சும் எழுந்து வீடெங்கும் பரவும். அடுக்கு மாடியில், சன்னல் மூடிய சமையலறையில், குழந்தை தொட்டிலில் உறங்கும் இரண்டறை வீட்டில் இது நிகழ்ந்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். பல நாடுகளில் இது நிகழ்ந்தே இருக்கிறது. அமெரிக்க நாட்டின் அலாஸ்கா மாநிலத்தில் 2012 முதல் 2014 வரையிலான காலத்தில், மீன் கடையிலும் வீடுகளிலும் இவ்வுயிரைக் கையாண்டவர்கள் நோயுற்றதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் ஆராய்ந்து வெளியிட்டது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயர் பகுதியில் ஒரு வீட்டில் தொட்டியைத் துப்புரவு செய்தபோது, குடும்பத்தாரோடு உதவிக்கு ஓடிவந்தவர்களும் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது.

நுகர்ந்தவர்க்கு நாவில் உலோகம் போன்ற கசப்பு, இருமல், குளிர்காய்ச்சல், தசைவலி, மூச்சுத் திணறல் ஆகியன சில மணி நேரத்திற்குள் தோன்றும். ‘ஃப்ளூ’ என்று நினைத்துப் போர்த்திப் படுத்துவிடுவார்கள். வீட்டிலுள்ள பலருக்கும் ஒருங்கே வந்தால் ஐயமுற வேண்டும். எல்லோரும் வெளியேறிக் காற்றோட்டமான இடத்திற்கு வந்து, உடனே மருத்துவமனைக்குச் சென்று, பெயரைச் சொல்ல வேண்டும். ‘பாலிடாக்சின்’ என்னும் அச்சொல்லை ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் நினைவு வாராது. கொதிக்க வைப்பதாலேதான் தீங்கு என்பதுமில்லை. பாறையைக் காய்ந்த நிலையில் பிரஷ்ஷாற் சுரண்டினாலும், பொத்தானைக் கத்தியால் அறுத்தாலும், அதன் சாறு கண்ணிற் தெறித்துக் கருவிழியைப் புண்ணாக்கும். தோலிலுள்ள கீறலின் வழியாகவும் உடலிற் புகும். கையுறையும் கண்ணாடியும் இன்றி அதனைத் தொடலாகாது. வேண்டாமென்றால், நீருக்குள் இருந்தபடியே பாறையோடு எடுத்து, நீர் நிறைந்த வாளியில் வைத்து, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எல்லாப் பொத்தானிலும் இந்த நஞ்சு இருப்பதில்லை. எதில் உண்டு, எதில் இல்லை என்பதைக் கண்ணாற் கண்டு கூற இயலாது.

மற்றவற்றை விரைவாகக் கூறிவிடலாம். பாறையின் இடுக்கில் ஒளிந்து வரும் முட்புழுவின் உடலில் கண்ணாடி இழைபோன்ற மயிர்கள் உண்டு. கையில் ஏறினால், தேய்க்காமல், ஒட்டும் நாடாவை ஒட்டி மெல்ல உரிக்க வேண்டும். கடல் முள்ளெலியின் நீண்ட முட்கள் எளிதில் ஒடிந்து உள்ளே நிற்கும். கடற்சாமந்தி பலருக்குச் சிறு அரிப்போடு நிற்கும். ஒவ்வாமை உள்ளவர்க்கு அவ்வாறு நிற்பதில்லை. இரவில் தொட்டிக்குள் ‘டக், டக்’ என்று ஓசை கேட்டால், மான்டிஸ் இறால் ஒன்று பாறையோடு வந்து குடியேறியிருக்கலாம். விரலைப் பிளக்க வல்லது. கூம்புச் சங்கு என்பது மன்னார் வளைகுடாவிலும் பல வகையாகக் கிடைப்பது. அழகிய கோலமிட்ட ஓடு. உள்ளே ஈட்டிபோன்ற பல். அவற்றுட் சிலவற்றின் நஞ்சு மூச்சை நிறுத்தவல்லது. அந்த இனத்தின் நஞ்சிலிருந்தே கடும் வலியைத் தணிக்கும் மருந்தொன்றைச் செய்து 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு இசைவு அளித்தார்கள் என்பது வேறு கதை. விடுமுறையில் இராமேசுவரம் செல்லும் நம் குழந்தைகள் உயிருள்ள சங்கைச் சட்டைப் பையிற் போட்டுக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இராமேசுவரத்தைச் சொன்னதால் ஒரு குறிப்பு. கல் பவளம், கடல் விசிறி, கடற்குதிரை, கடலட்டை ஆகியவை 2001ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளன. கடைக்காரர் கொடுத்தார் என்பது விடையாகாது.

நீரிழிவு உடையோரும், கல்லீரல் நோய் உடையோரும் புண்ணுள்ள கையைக் கடல்நீரில் விடவே கூடாது. ‘விப்ரியோ’ என்னும் கிருமி அவர்களிடம் ஓரிரு நாளில், சில வேளை சில மணி நேரத்தில், கொடுமையாகப் பரவும். புண்ணைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, காய்ச்சலும் வந்தால் காலையில் பார்க்கலாம் என்று காத்திராமல் இரவிலேயே மருத்துவமனைக்குச் செல்க. நம் இல்லங்களில் நீரிழிவு இல்லாத வீடு எது?

தொட்டியின் பொருள்களைச் சமையலறைத் தொட்டியில், பாத்திரங்களோடு கழுவும் வழக்கத்தைப் பல வீடுகளிற் கண்டிருக்கிறோம். விட்டுவிடுங்கள். குழாயை வாயால் உறிஞ்சி நீரிறைப்பதையும் விட்டுவிடுங்கள். முழங்கை வரை நீண்ட ரப்பர்க் கையுறை விலை அதிகமில்லை. கையை உள்ளே விடுமுன் மின்சாரச் சாதனங்களின் ஸ்விட்சை நிறுத்துங்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

செம்பூர் வாசகிக்கு நம் விடை இது. தொட்டியை எறிய வேண்டுவதில்லை. மகனிடம் கேட்டு, உள்ளே இருப்பவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். அப்பட்டியலிற் சிங்கமீனோ பொத்தானோ இருந்தால், மூடிக்குப் பூட்டுப் போடச் சொல்லுங்கள். நாற்காலியை அப்பால் நகர்த்துங்கள். பேரன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கட்டும். மீனுக்கு உணவிடும் நேரத்தில் அவன் தந்தையோடு இருந்து, உணவை எண்ணிக் கொடுக்கும் வேலையை அவனுக்கு ஒதுக்கலாம்; கைவிடும் ஆசை அதனாற் சிறிது தணியும் என்று தூத்துக்குடி அன்பர் கூறுகிறார்.

அந்த அன்பரின் இல்லத்திற்குச் சென்ற வாரம் போயிருந்தோம். அம்மையாரின் கை குணமாகிவிட்டது. ஆள்காட்டி விரல் மட்டும் முழுதும் மடங்குவதில்லை. எல்லோருக்கும் ஒரே வகைத் தம்ளரிற் காப்பி வந்தது. தொட்டி இன்னும் கூடத்தில் இருக்கிறது. இப்போது அதனைக் கழுவுபவர் அன்பரே. கையுறை அணிந்துதான் கழுவுகிறார்.